புரை நீங்கிய கண்ணும் மஞ்சட் பொட்டின் கணக்கும்

கனமூலை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். புத்தளம் களப்பிலே வெயிலும் உப்புக் காற்றுமாக ஆயுளைக் கழித்த தம் வாப்பாவுக்குக் கண்புரைச் சத்திர சிகிச்சை நடப்பதற்கு முன்னும் பின்னும் விழித்திரையின் மஞ்சட் பொட்டிலுள்ள நிறப்பொருளை அளந்தார்களாம். பின்னைய எண் வெகுவாக உயர்ந்திருந்ததால், இடையிலே அவர் விழுங்கிவந்த லூட்டின் மாத்திரையின் மகிமையே அது என்று விற்றவர்கள் சாதிக்கிறார்களாம்.

மாத்திரையைப் புகழுமுன் கருவியை விசாரிப்பதே நியாயம். முதுமையில் கண்ணின் வில்லை மஞ்சளித்து நீல ஒளியை விழுங்குகிறது. மஞ்சட் பொட்டின் நிறப்பொருளும், 460 நானோமீட்டரை ஒட்டிய உச்சத்தோடு, அதே நீலத்தைத்தான் விழுங்குகிறது. நீலத்தைக் கொண்டு அளப்பவர் தாம் கண்ட இழப்பில் வில்லையின் பங்கு எது, பொட்டின் பங்கு எது என்று பிரித்தாக வேண்டும்.

சரித்திரம் சுருக்கமாகவே போதும். இந்த மஞ்சள், கீரைகளில் உள்ள சாந்தோபில் இனத்தது என்று ஜார்ஜ் வால்ட் 1945-இல் ஊகித்தார். லூட்டின், சியாசாந்தின் என்னும் இரண்டே அது என்று போனும் லாண்ட்ரமும் 1985-இல் தெளிந்தனர்.

என்னை வசீகரிப்பது மினுக்க முறை. நீலமும் பச்சையும் மாறி மாறித் துரிதமாக ஒளிரும் ஒரு சிறு வட்டத்தை முதியவர் நோக்குகிறார். நிறத்தை உணரும் நரம்புவழி மந்தமானது. ஆகையால் நிறங்கள் ஒன்றாய்க் கலந்துவிட, பிரகாசத்தின் ஏற்றத்தாழ்வு மட்டும் மினுக்கமாகத் தோன்றுகிறது. அம்மினுக்கம் அடங்கும்வரை அவர் நீலத்தைக் கூட்டிக் குறைக்கிறார். இதை நடுப்பொட்டில் ஒருமுறையும், நிறப்பொருள் அநேகமாக இல்லாத, ஏறக்குறைய ஏழு பாகை விலகிய இடத்தில் ஒருமுறையும் செய்கிறார்கள். ஓரத்தைவிட நடுவில் இருமடங்கு நீலம் வேண்டியிருந்தால், மடக்கைக் கணக்கில் நிறப்பொருளின் அடர்த்தி 0.3. உப்பளத்தில் சாக்கோடு நிறுத்து, வெற்றுச் சாக்கின் எடையைக் கழிப்பது போன்றது இது: சாக்கு புதியதோ, நனைந்து கனத்ததோ, இரண்டு தடவையும் அதே சாக்காயிருக்கும்வரை உப்பின் எடை பிசகாது, வெற்றுச் சாக்கென்று நிறுத்ததில் உப்பு ஒட்டியிருந்தால்தான் கணக்குக் குறையும், சாக்கே கிழிந்து தராசெங்கும் நீர் சொட்டினால் நிறுப்பவரின் கை தடுமாறும். வில்லைதான் அந்தச் சாக்கு. அது மஞ்சளித்ததனால் மட்டும் விடை பெரிதும் கெடுவதில்லை. புரை முற்றிப் பார்வை மங்கினால்தான் முதியவரால் மினுக்கத்தை நிதானிக்க இயலாது போகிறது.

மற்றக் கருவிகளுக்கு இந்தப் பாதுகாப்பு முழுமையாக இல்லை. ராமன் ஒளிச்சிதறல் முறையில் நிறப்பொருள் திருப்பியனுப்பும் சமிக்ஞையை வில்லை வழியிலேயே குறைத்துவிடுகிறது. விழித்திரையின் தன்னொளிர்வைப் படமாக்கும் முறை நடுவையும் ஓரத்தையும் ஒப்பிட்டாலும், புரை சிதறடித்த ஒளி நடுவிலுள்ள இருண்ட நிழலிற் புகுந்து அதை வெளிறச் செய்கிறது. இவ்விரண்டிலும் நிறப்பொருள் இருப்பதைவிடக் குறைவாகத் தெரியும். புரையை அகற்றித் தெளிந்த செயற்கை வில்லையை வைத்த மாத்திரத்தில் எண் ஏறும், பொட்டிலே ஓர் அணுவும் கூடாதிருக்கையிலும். வயது ஏற ஏற நிறப்பொருள் தேய்கிறது என்று சில ஆய்வுகள் கண்ட முடிவிலும் மஞ்சளித்த வில்லையின் பங்கு உண்டென்றே கருதுகிறேன்.

லூட்டின் உண்டால் நிறப்பொருள் உயரக்கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. அதனால் விளையும் நன்மைதான் விளம்பரத்தின் அளவுக்கு இல்லை. அமெரிக்காவில் நாலாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் நடந்து 2013-இல் வெளியான பெரும் பரிசோதனையில், முன்பே வழங்கிவந்த வைட்டமின்-தாதுக் கலவையோடு லூட்டினும் சியாசாந்தினும் சேர்த்ததால், மஞ்சட் பொட்டுச் சிதைவு முற்றுவது மேலும் குறைந்ததாகப் பிரதான ஒப்பீடு காட்டவில்லை. கண்புரைச் சத்திர சிகிச்சைக்கான தேவையும் குறையவில்லை. அதிக விலைக்கு விற்கப்படும் நீலம் வடிக்கும் செயற்கை வில்லைகளும் பொட்டைக் காக்கின்றன என்பதற்கு 2018-இன் காக்ரேன் மீளாய்வு தக்க சான்று காணவில்லை.

எனவே அந்த மகன் முதலில் அறிய வேண்டியது எந்த முறையில் அளந்தார்கள் என்பதையே. மற்றக் கண்ணில் சிகிச்சை நடக்காதிருந்து, அதையும் இருமுறை அளந்திருந்தால், அங்கே எண் அசைந்ததா என்று பார்க்கட்டும். விழுங்கிய மாத்திரை இரு கண்ணுக்கும் பொது. இனிமேல் ஒப்பிடுவதாயின், சிகிச்சைக்குப் பின் கண் ஆறியதும் எடுத்த அளவையே தொடக்கமாகக் கொண்டு, அதே கருவியில் அளப்பித்தல் வேண்டும்.