எலும்பு பிடித்தால் போதுமா?

தாடை எலும்பில் ஸ்குரூ போலப் பதிக்கும் பல் இம்ப்ளான்ட் வைக்க நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது எலும்பைப் பற்றித்தான். எலும்பு போதுமா, ஸ்குரூ பிடிக்குமா, எத்தனை மாதம் ஆகும்? இப்படிக் கேட்பதற்குக் காரணம் உண்டு. உயிருள்ள எலும்பு டைட்டானியத்தைத் தன்னோடு இறுகச் சேர்த்துக்கொள்கிறது என்பதை சுவீடனின் பெர்-இங்வார் பிரோனமார்க் 1950களில் முயல்களிடம் கண்டார். 1965-இல் அந்த உலோகத்தை முதல் நோயாளியின் தாடையில் பொருத்தினார். அதன்பின் பல ஆண்டுகளுக்கு ஆராய்ச்சியின் பெரும்பகுதி எலும்பையே சுற்றி வந்தது. இன்று எலும்பு பிடிப்பது பெரும்பாலானவர்களுக்குக் கைகூடிவிடுகிறது. ஆனால், பிடித்த பல் எத்தனை காலம் நோயில்லாமல் நிற்கும், சிரிக்கும்போது சொந்தப் பல்லாகத் தெரியுமா என்பதில் அதைச் சுற்றியிருக்கும் மூன்று, நான்கு மில்லிமீட்டர் ஈறுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அந்த ஈறைப் பற்றி ஸ்குரூ போடும் முன்பே யோசித்தாக வேண்டும்.

இயற்கைப் பல்லைச் சுற்றியுள்ள ஈறும் இம்ப்ளான்டைச் சுற்றியுள்ள ஈறும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். உள்ளமைப்பு வேறு. இயற்கைப் பல்லின் வேரில் கொலாஜன் நார்கள் குறுக்காகப் புகுந்து ஊன்றியிருக்கின்றன. வேருக்கும் எலும்புக்கும் நடுவே ஓடும் ரத்தக் குழாய்கள் ஈறுக்கும் ரத்தம் தருகின்றன. இம்ப்ளான்டுக்கு அந்த நடுப்பகுதியே கிடையாது. உலோகத்துக்குள் நார் புக முடியாததால் அவை அதன் பக்கவாட்டில் இணையாகவும், சுற்றி வளையமாகவும் ஓடுகின்றன. வேட்டியின் மேல் கட்டிய பெல்ட் போல அணைத்திருக்கிறதே தவிர, அந்த ஈறு உலோகத்தோடு தைக்கப்படவில்லை. ரத்த ஓட்டமும் குறைவு. எனவே கிருமிகள் ஈறின் விளிம்பைத் தாண்டிவிட்டால் அவற்றைத் தடுக்கும் அரண் இயற்கைப் பல்லுக்கு இருப்பதைவிட பலவீனமானது.

பாதிப்பு இரண்டு கட்டமாக வருகிறது. விளிம்பில் படியும் கிருமிப் படலத்தால் முதலில் ஈறு மட்டும் சிவந்து வீங்கும். லேசாகத் தொட்டாலே ரத்தம் கசியும். அப்போதே சுத்தம் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். விட்டுவிட்டால் அழற்சி கீழிறங்கி எலும்பைக் கரைக்கத் தொடங்கும். கரைந்ததை மீட்பது மிகக் கடினம். பல ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வெளியான ஓர் அலசல், இம்ப்ளான்ட் வைத்தவர்களில் சராசரியாக 43 சதவீதம் பேருக்கு முதல் கட்ட அழற்சியும், 22 சதவீதம் பேருக்கு எலும்பைத் தின்னும் இரண்டாம் கட்டமும் இருப்பதாகக் கணக்கிட்டது. நோயை வரையறுக்கும் விதம் மாறுவதால் ஆய்வுக்கு ஆய்வு இந்த எண் வெகுவாக மாறுகிறது என்பது உண்மை. அதற்காக இதை அபூர்வமான தொல்லை என்று ஒதுக்கிவிட முடியாது. இதில் கொடுமை என்னவென்றால், பெரும்பாலும் வலிக்காது. வலி வரட்டும், பார்க்கலாம் என்று இருப்பவர் எலும்பை இழந்த பிறகுதான் டாக்டரிடம் போகிறார். புகைப்பிடிப்பவர்களும், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களும், ஏற்கெனவே ஈறு நோயால் பல் இழந்தவர்களும் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். இம்ப்ளான்டின் மேல் வரும் செயற்கைப் பல்லான கிரவுனை ஒட்டும்போது ஈறுக்கடியில் தங்கிவிடும் துளி சிமெண்ட்கூட இந்த அழற்சியைக் கிளப்பிவிடும்.

அழகின் கதையும் இதே ஈறில்தான் இருக்கிறது. முன்பல்லில் எவ்வளவு நேர்த்தியான பீங்கான் கிரவுன் வைத்தாலும், ஈறு மெலிந்திருந்தால் டைட்டானியத்தின் சாம்பல் நிறம் ஊடே தெரியும். 2007-இல் வெளியான ஓர் ஆய்வகச் சோதனையில், ஈறின் தடிமன் 3 மில்லிமீட்டர் இருந்தபோது அந்த நிற மாற்றம் கண்ணுக்குத் தெரியவில்லை. இரண்டு பற்களுக்கு நடுவே முக்கோணமாக எழும் ஈறும் அவ்வளவே முக்கியம். அது இறங்கிவிட்டால் அங்கே கருப்பு இடைவெளி விழும். பக்கத்துப் பல்லின் எலும்பு உயரமாக இருந்தால் அந்த முக்கோணம் தங்கும். அடுத்தடுத்து இரண்டு இம்ப்ளான்டுகள் வைத்தால் தங்குவது கடினம். கிரவுன் செய்யும்போது இதைச் சரிக்கட்ட வழி மிகக் குறைவு.

கடைவாய்ப் பல்லை யார் பார்க்கிறார்கள், அங்கே ஈறைப் பற்றி ஏன் கவலை என்று கேட்கலாம். பார்க்க ஆள் இல்லாவிட்டாலும் பிரஷ் அங்கே போக வேண்டுமே. இம்ப்ளான்டைச் சுற்றிக் கெட்டியான, அசையாத ஈறு இல்லாமல் கன்னத்தோடு சேர்ந்து இழுபடும் மெல்லிய சதை மட்டும் இருந்தால், பிரஷ் பட்டாலே நோகும். நோகும் இடத்தை நாம் தவிர்ப்போம், அழுக்கு சேரும். இந்தக் கெட்டி ஈறு குறைந்தது 2 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்ற விதியை எல்லா நிபுணர்களும் ஏற்கவில்லை. ஏற்காதவர்கள், நன்றாகச் சுத்தம் செய்பவர்களுக்கு அது குறைவாக இருந்தும் பல்லுக்கு ஒன்றும் ஆகாததைச் சுட்டிக்காட்டுகிறார்கள். நியாயமான எதிர்வாதம். ஆகவே எல்லாருக்கும் மேலண்ணத்திலிருந்து சதை எடுத்து ஒட்ட வேண்டும் என்று சொல்ல முடியாது. அதற்கும் செலவும் வலியும் உண்டு. தேய்க்கும்போது நோகிறதா, அடிக்கடி ரத்தம் வருகிறதா, ஈறு இறங்கிக்கொண்டே போகிறதா என்று பார்த்து, ஆளுக்குத் தக்கபடி முடிவெடுப்பதுதான் சரி. ஆனால், டாக்டரிடம் தவறாமல் போய்ப் பரிசோதித்துச் சுத்தம் செய்துகொள்ளும் தொடர் பராமரிப்பில் அந்த மாதிரி விலக்கு யாருக்கும் இல்லை. பிரேசிலில் முதல் கட்ட அழற்சி இருந்தவர்களை 5 ஆண்டுகள் கவனித்த ஆய்வில், பராமரிப்புக்கு வராதவர்களில் சுமார் 44 சதவீதம் பேருக்கு எலும்பு பாதிப்பு வந்தது. ஒழுங்காக வந்தவர்களில் அது 18 சதவீதம்.

இம்ப்ளான்ட் வைக்கப் போகிறவர்கள், என் ஈறு எவ்வளவு தடிமன், அது போதுமா என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். கிரவுன் பொருத்திய பிறகு ஓர் எக்ஸ்ரே எடுத்து, ஈறுக்கும் இம்ப்ளான்டுக்கும் இடையிலுள்ள இடுக்கின் ஆழத்தையும் அளந்து குறித்து வைக்கச் சொல்லுங்கள். பிற்காலத்தில் எலும்பு இறங்கியிருக்கிறதா என்று ஒப்பிட அந்தப் பதிவு வேண்டும். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், தேய்க்கும்போது அந்த இடத்தில் ரத்தம் கண்டால் வலி இல்லையே என்று விட்டுவிடாமல் அந்த வாரமே போய்க் காட்டுங்கள்.