தந்தையின் கடிகாரத்திற்கு எஃகுச் செயின் பொருந்துமா?

மர்பி டவுன், அல்சூர் பகுதிகளின் பழைய தமிழ் வீடுகளில் எச்.எம்.டி. கைக்கடிகாரம் ஒன்று அலமாரியில் இருந்தால் அதில் வியப்பில்லை. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்துடன் இணைந்து பெங்களூரில் தொடங்கிய தயாரிப்பு அது. அந்நாளில் ஓர் ஊழியரின் குடும்பத்திற்குத் தங்கமுலாம் பூசிய கடிகாரமே ஆடம்பரம். விழாநாளில் அணிந்துவிட்டுத் துணியில் சுற்றி வைத்துவிடுவார்கள். இன்று பிள்ளைகள் அதை வெளியே எடுக்கும்போது தோல்வார் இற்றுப்போயிருக்கிறது. அதன் இடத்தில் வலைப்பின்னல் எஃகுச் செயினோ, நெல்மணிகளைக் கோத்தாற்போன்ற செயினோ மாட்டலாமா?

மாட்டலாம் என்பதே எங்கள் கருத்து. மெல்லிய, விலையுயர்ந்த கடிகாரத்திற்குத் தோல்வார்தான் அழகு என்பது வெறும் வழக்கம். 1972இல் ஓடெமார் பிகே நிறுவனம், ஜெரால்ட் ஜென்டா வடிவமைத்த ராயல் ஓக் கடிகாரத்தை எஃகுச் செயினுடன், தங்கக் கடிகாரங்களுக்கு நிகரான விலையில் விற்று அந்த வழக்கத்தை உடைத்தது. ஆனால் அதில் கடிகாரமும் செயினும் ஒன்றாகவே வடிவமைக்கப்பட்டவை. நாமோ தனித்தனியே பிறந்த இரண்டை இணைக்கிறோம்; சிக்கல் அங்கேதான் எழுகிறது.

தங்கம் எஃகைவிட மென்மையானது. முலாமோ மிக மெல்லிய பூச்சு. செயினின் முனை கடிகாரத்தின் உடலில் நாள்தோறும் உரசினால் பூச்சு தேய்ந்து அடியுலோகம் தெரியும். மறுமுலாம் பூசலாம், ஆயினும் பழைய பொருள்களைச் சேகரிப்போர் அதை அசலாக மதிப்பதில்லை. எனவே வாங்குமுன் செயினை மாட்டிப் பார்த்து, அதன் முனைக்கும் உடலுக்கும் இடையே ஒரு தாள் நுழைகிறதா என்று சோதியுங்கள். நுழையாவிட்டால் அந்தச் செயின் வேண்டாம்.

பருமனையும் பார்க்க வேண்டும். ஓசூரில் ஆலை கொண்ட டைட்டன் நிறுவனம் 2002இல் வெளியிட்ட எட்ஜ் கடிகாரம் 3.5 மில்லிமீட்டர் தடிமனே உடையது. அத்தகைய உடலுக்குப் பக்கத்தில் தடித்த கண்ணிகள் வந்தால் கடிகாரம் காணாமற்போய்ச் செயின் மட்டுமே தெரியும். வலைப்பின்னல் மெல்லியது என்பதால் இங்கு அதுவே பொருந்தும். (இழுத்தால் விரியும் வகைச் செயின் கைமயிரைப் பிடுங்கும், அணிந்தவர்கள் அறிவார்கள்.)

செயின் பூட்டும் இரு கொம்புகளுக்கு இடைப்பட்ட அகலத்தை அளந்த பின்னரே கடைக்குச் செல்லுங்கள். 18 மில்லிமீட்டர் செயினை 17இல் திணிப்பதற்காகக் கொம்புகளை நெம்பி விரிக்க எவரையும் அனுமதிக்காதீர்கள். எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட 2016இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. பழைய மாதிரிகளுக்கு அசல் உடல் கிடைப்பது அரிது, வளைந்தது வளைந்ததுதான்.

கழற்றிய தோல்வாரையும் கொக்கியையும், எவ்வளவு நைந்திருந்தாலும், வாங்கிய ரசீதுடன் ஓர் உறையிலிட்டுப் பத்திரப்படுத்துங்கள். பிற்காலத்தில் விற்கவோ பங்கிடவோ நேர்ந்தால், மதிப்பிடுபவர் முதலில் கேட்பது அந்த உறையாகவே இருக்கலாம்.