எழுதா நாடகமும் ஏற்கும் பண்பும்

நாடகம் என்றவுடன் எழுதிய பிரதியும், மனனம் செய்த வசனமும், பல நாள் ஒத்திகையும் நினைவுக்கு வருதல் இயல்பு. இவை மூன்றும் இன்றியே நடைபெறும் நகைச்சுவை நாடகம் ஒன்றும் உலகில் உண்டு. நடிகர் வெறும் மேடையில் வந்து நிற்பர். ஓர் இடத்தையோ, ஒரு தொழிலையோ, ஓர் உறவையோ கூறுமாறு சபையோரைக் கேட்பர். அதனைக் கொண்டு அக்கணமே ஒரு காட்சியைப் புனைந்து நடிப்பர். அடுத்த வசனம் யாதென்பதை மேடையில் நிற்பவரும் அறியார்.

கொடுத்த பொருளை வைத்து அப்போதே பாடுவோரைத் தமிழிலே ஆசுகவி என்பர். அதனையொட்டி இக்கலையை ஆசுநாடகம் எனலாம். ஆயினும் இரண்டிற்கும் பெரியதொரு வேற்றுமை உண்டு. காளமேகப் புலவர் தனித்து நின்று பாடினார். ஆசுநாடகத்திலோ ஒருவர் கொடுப்பதை மற்றவர் வாங்கி வளர்த்தால் அன்றிக் காட்சி ஓரடியும் நகராது.

இத்திறமை பிறவியில் வாய்ப்பது, கற்பிக்க இயலாதது என்று கருதுவோர் பலர். அக்கருத்தை மாற்றியவருள் முதன்மையானவர் அமெரிக்காவின் சிக்காகோ நகரிலே 1906 ஆம் ஆண்டு பிறந்த வயோலா ஸ்போலின் அம்மையார். அந்நகரில் ஹல் ஹவுஸ் என்னும் சமூகசேவை நிலையம் 1889 இல் தொடங்கப்பெற்றது. பல தேசங்களிலிருந்தும் குடியேறிய ஏழைத் தொழிலாளர் அதனை நாடி வந்தனர். ஆங்கே நீவா போய்ட் என்னும் ஆசிரியை விளையாட்டின் மூலம் பிள்ளைகளைப் பயிற்றும் முறையை வளர்த்தார். அவரிடம் கற்ற ஸ்போலின், 1939 முதல் 1941 வரை அரசாங்க வேலைத்திட்டமொன்றில் நாடகப் பொறுப்பாளராகக் கடமையாற்றினார். வெவ்வேறு மொழியும் வழக்கமும் உடைய பிள்ளைகளுக்கு நாடகத்தை விரிவுரையால் விளக்குதல் பயன்தரவில்லை. ஆகவே அவர் விளையாட்டுகளை அமைத்தார்.

அவற்றுள் ஒன்று கயிறில்லாமல் கயிறிழுத்தல். இரு பக்கமும் பிள்ளைகள் நின்று, இல்லாத கயிற்றை இழுப்பர். ஒரு பக்கத்தார் பின்னே சாயும்போது மறுபக்கத்தார் முன்னே இழுபடாவிடின், கயிறு இறப்பரைப்போல நீண்டுவிட்டதைப் பார்ப்போர் உடனே கண்டுகொள்வர். கயிறு எவர் ஒருவர் கையிலும் இல்லை. எல்லாரும் ஒருவரையொருவர் கவனிக்கும் கவனத்திலேயே அது இருக்கின்றது. ‘நடி’ என்று எவரும் கட்டளையிடாமலே பிள்ளைகள் நடிக்கத் தொடங்கிவிடுவர்.

விளையாட்டு நடக்கும்போது ஆசிரியர் பக்கத்தில் நின்று, ஆட்டத்தை நிறுத்தாமலே சிறு சிறு சொற்களால் தூண்டுவார். கயிற்றின் பாரத்தை உணருமாறு கூறுவார். எதிரில் நிற்பவனைப் பார்க்குமாறு கூறுவார். நடிப்பவர் திரும்பிப் பாராமலே அதனைக் கேட்டுத் தொடர்வர். ஆட்டம் முடிந்ததும் ‘நன்று’, ‘தீது’ என்ற தீர்ப்பு இல்லை. கயிறு தெரிந்ததா, எவ்விடத்தில் அறுந்தது என்றே பார்த்திருந்த பிள்ளைகளிடம் வினவப்படும். புகழுக்கு ஏங்குபவனும் பழிக்கு அஞ்சுபவனும் ஆசிரியரின் முகத்தையே பார்ப்பர். தோழனின் கையைப் பாரார் என்பதை அம்மையார் நன்குணர்ந்திருந்தார். இம்முறைகளைத் திரட்டி 1963 இல் அவர் நூலாக வெளியிட்டார்.

அவருடைய மைந்தர் போல் சில்ஸ் இவ்விளையாட்டுகளை வளர்ந்தோர் மேடைக்குக் கொண்டுசென்றார். 1955 இல் டேவிட் ஷெப்பேர்ட் என்பவருடன் இணைந்து கொம்பஸ் என்னும் நாடகக் குழுவையும், 1959 டிசம்பரில் வேறு இருவருடன் சேர்ந்து செக்கண்ட் சிற்றி என்னும் அரங்கையும் சிக்காகோவிலே அமைத்தார். சபையோர் கொடுத்த பொருளில் அன்றன்று பிறந்த காட்சிகளுள் சிறந்தவற்றைத் திருத்திச் செப்பனிட்டுப் புதிய நிகழ்ச்சிகளை ஆக்குவது அவ்வரங்கின் வழக்கமாயிற்று.

இந்நாடகத்தில் சிரிப்புப் பிறக்கும் வகையை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். ஒருவர் குனிந்து, “இந்தப் பெட்டி என்ன இவ்வளவு பாரம், மாமா?” என்கிறார். மற்றவர், “இங்கே பெட்டி ஒன்றும் இல்லையே” என்றால் சபை ஒருமுறை சிரிக்கும். காட்சி அத்துடன் இறந்துவிடும். அவ்வாறன்றி, “மெல்லத் தூக்கு, தம்பி; மாமி உள்ளே நித்திரை” என்றால், பெட்டியும் உண்டு, மாமியும் உண்டு, இனி நிகழ இருப்பவை பலவும் உண்டு. முதலாமவர் தோழனை விற்று ஒரு சிரிப்பை வாங்கினார். இரண்டாமவர் தோழன் சொன்னதை மெய்யாக்கினார். பகிடி விடவேண்டும் என்று முயல்பவர் இக்கலையில் பெரும்பாலும் தோற்பதற்குக் காரணம் இதுவே.

இதே உண்மையை இலண்டனில் வேறொரு வழியாகக் கண்டவர் 1933 இல் பிறந்த கீத் ஜோன்ஸ்ரன். பாடசாலை ஆசிரியராயிருந்து பின்னர் றோயல் கோர்ட் அரங்கிலே பயிற்றியவர் அவர். மாணவரின் கற்பனை வறண்டிருப்பதற்குத் திறமைக் குறைவு காரணமன்று, தவறிவிடுவோம் என்ற அச்சமே காரணம் என்பது அவர் கண்ட முடிவு. ஆதலால் வகுப்பின் தொடக்கத்தில் அவர் தரையில் அமர்வார். மாணவர் தோற்றால் பழி தம்முடையதே என்று அறிவிப்பார். அக்காலப் பிரித்தானியாவில் நாடகப் பிரதியை முன்கூட்டியே தணிக்கைக்கு அனுப்பவேண்டும் என்ற சட்டம் இருந்தது. 1968 இலேயே அது நீங்கிற்று. எழுதப்படாத நாடகத்தை எவ்வாறு அனுப்புவது என்ற இடருக்கு அவர் உள்ளானார். பின்னர் கனடாவின் கல்கரி நகரில் குடியேறிப் பல்கலைக்கழகத்திலும் அரங்கிலும் கற்பித்த அவர் 2023 இல் காலமானார்.

ஆயத்தமின்றி நடத்தலே ஆசுநாடகம் என்று எண்ணுதல் பிழையாகும். வசனத்துக்கு ஆயத்தம் இல்லையேயன்றி, ஆளுக்கு ஆயத்தம் நிரம்ப உண்டு. செவிகொடுத்தல், ஏற்றல், ஏற்றதனோடு ஒன்றைச் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தல் ஆகிய மூன்றும் ஆண்டுக்கணக்காகப் பயிலப்படுகின்றன. மேடைக்கு ஒருபோதும் ஏறாத பிள்ளைக்கும் இவை வேண்டியவையே. விடை தவறாகிவிடுமோ என்று கையுயர்த்தாமல் பின்வாங்கில் அமர்ந்திருக்கும் மாணவன் எவ்வகுப்பிலும் உளன். அவனை எழுப்புவதற்கு ஸ்போலின் ஒரு கயிற்றைக் கொடுத்தார். ஜோன்ஸ்ரன் ஆசிரியரின் ஆசனத்தைவிட்டுத் தரைக்கு இறங்கினார்.