எகுசி: மூன்றாம் மாடியில் கற்றுக்கொண்ட குழம்பு

நம் சங்க மலரில் சமையல் குறிப்பு எழுதுவது மகளிர் பகுதியின் உரிமை. தண்டவாளத்தையும் ஸ்லீப்பர் கட்டையையும் பார்த்தே முப்பத்தொன்பது வருஷம் ஓட்டிவிட்டு 2019-ல் ஓய்வு பெற்ற ஒரு டிப்ளமா என்ஜினீயர் அதில் கை வைப்பது அத்துமீறல்தான். சகோதரிகள் பொறுத்தருள வேண்டும். இந்தக் குறிப்போடு என் தலைகுனிவு ஒன்றும் சேர்ந்திருப்பதால் நானே எழுதவேண்டியதாயிற்று.

2023 ஜூலையில், இங்கே வடோதராவில் எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடிக்கு நைஜீரியாவிலிருந்து ஓர் இளம் தம்பதி குடிவந்தார்கள். இபாதான் நகரத்துக்காரர்கள், யொரூபா இனத்தவர். கணவர் மேல்படிப்புக்காக வந்தவர். குனிந்த தலை நிமிராமல் போய் வருவார்கள். அடுத்த மாதமே கமிட்டிக்குப் புகார் வந்துவிட்டது. மாடிப்படியில் ஏதோ நாற்றம், அவர்கள் சமையலை நிறுத்தவேண்டும் என்று. கமிட்டி செயலாளர் அடியேன். 'துர்நாற்றம் வரும் உணவு சமைக்கக் கூடாது' என்ற கடிதம் டைப் செய்யப்பட்டு, என் கையெழுத்துக்காக வீட்டுக்கு வந்தது.

பேனாவைத் திறந்துவிட்டேன். என் மனைவி கடிதத்தை வாங்கிப் படித்தாள். "கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி, நம்மளை வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்ன நாளை ஒரு தடவை நினைச்சுப் பாருங்க" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

1986-ல், வடக்கே வேறொரு ஊரில் நான் வேலையில் இருந்தபோது நடந்தது அது. தர்மபுரியிலிருந்து என் அம்மா ஒரு தகர டப்பா நிறைய நெத்திலிக் கருவாடு கொடுத்தனுப்பியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கருவாட்டுக் குழம்பு வைத்தோம். மாலைக்குள் வீட்டுக்காரர் வந்து, மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். மூன்று மாதக் கைக்குழந்தையோடு வீடு தேடி அலைந்தோம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கருவாடு அடுப்பேறியதில்லை. ஊருக்குப் போனால் சாப்பிடுவதோடு சரி. அதே நான், அதே மாதிரிக் கடிதத்தில் கையெழுத்திடப் பேனாவைத் திறந்திருக்கிறேன்.

கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறினேன். கதவைத் திறந்த அந்தப் பெண், என்னைக் கண்டதும் முழந்தாளிட்டு வணங்கினாள். நான் பதறிவிட்டேன். பெரியவர்களைக் கண்டால் பெண்கள் முழந்தாளிடுவதும் ஆண்கள் நெடுஞ்சாண்கிடையாக விழுவதும் யொரூபா வழக்கமாம். நான் கண்டிக்கத்தான் வந்திருக்கிறேன் என்று எண்ணி, ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். "அணைக்காதே அம்மா, என்ன சமைக்கிறாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். இரண்டு முறை கேட்டபிறகுதான் நம்பினாள். "எகுசி, அங்கிள்" என்றாள்.

எகுசி என்பது ஒரு வித்து. தர்பூசணியின் இனத்தைச் சேர்ந்த ஒரு கொடியில் காய்ப்பது. அதன் சதை கசக்கும், யாரும் தின்பதில்லை. விதைக்காகவே பயிரிடுகிறார்கள். தோலுரித்த விதையில் பாதியளவு எண்ணெய், கால் பங்குக்கு மேல் புரதம். அதை அரைத்துப் போட்டால் குழம்பு கெட்டிப்படும், சத்தும் சேரும். நாம் கசகசாவும் தேங்காயும் அரைத்து விடுகிற இடம் அது. பெயர்தான் சூப், பார்த்தால் நம் கீரைக் கூட்டு மாதிரி கெட்டியாக இருக்கும். நைஜீரியாவில் யொரூபா, இக்போ என்று பல இனத்தாரும் இதைச் சமைக்கிறார்கள். கீரையும் பக்குவமும் மட்டும் வீட்டுக்கு வீடு மாறும்.

நாற்றத்தின் பிறப்பிடத்தையும் காட்டினாள். மூன்று டப்பாக்கள். ஒன்றில் பொடித்த உலர்ந்த கூனி. மூடியைத் திறந்ததும் என் அம்மாவின் அடுப்படி நினைவு வந்துவிட்டது. நம் சென்னாங்கூனியேதான்! இரண்டாவதில் ஸ்டாக்ஃபிஷ், நார்வேயிலிருந்து அவர்கள் நாட்டுக்கு வரும் காய்ந்த காட் மீன், கட்டை போல இருந்தது. மூன்றாவதில் 'இரு' என்ற பொருள். ஒரு மரத்தின் விதையை வேகவைத்துப் புளிக்க வைத்தது. கெட்ட வாசனைதான், மறுக்கவில்லை. நம் பெருங்காயத்தை முதன்முதலில் முகர்ந்தவர் என்ன சொல்லியிருப்பார்?

இனி செய்முறை. நான்கு பேருக்கு, அவள் சொல்ல நான் டயரியில் குறித்தது இது.

எகுசி 200 கிராம். ஊரிலிருந்து கொண்டுவந்தது தீர்ந்துபோய், இங்கே மளிகைக்கடையில் கிடைக்கும் மகஜ்தரியைப் பயன்படுத்தினாள். தண்டாயிலும் அல்வாவிலும் போடும் அதே வெள்ளை விதைதான். சுவையில் சிறு வித்தியாசம் உண்டு, பரவாயில்லை என்றாள். மிக்சியில் நீர் விடாமல் விட்டு விட்டு அரைக்க வேண்டும். ஒரேயடியாக ஓட்டினால் எண்ணெய் கக்கிக் கட்டியாகிவிடும். பொடியில் கொஞ்சம் நீர் தெளித்துக் கெட்டியாகப் பிசைந்து வைக்க வேண்டும்.

சிவப்புக் குடைமிளகாய் இரண்டு, தக்காளி மூன்று, வெங்காயம் ஒன்று, காரமான மிளகாய் இரண்டு - இவற்றை அரைத்துக்கொள்ளவும். செம்பனை எண்ணெய் 100 மில்லி. நம் கடையில் விற்கும் வெளிறிய பாமாயில் வேறு. அவர்களுடையது சுத்திகரிக்காதது, குங்குமச் சிவப்பு, தனி மணம். கிடைக்காவிட்டால் கடலையெண்ணெய் விடலாம். நிறமும் மணமும் குறையும்.

எண்ணெயில் நறுக்கிய வெங்காயம் ஒன்றை வதக்கி, அரைத்ததை ஊற்றி, எண்ணெய் பிரியும்வரை கால் மணி நேரம் சுண்ட விடவும். பிறகு எகுசி மாவைக் கரண்டி கரண்டியாக அங்கங்கே வைத்து, தீயைக் குறைத்து மூடிவிடவும். பத்து நிமிஷம் கரண்டி போடக்கூடாது. இங்கேதான் நான் தவறினேன். மறுவாரம் எங்கள் வீட்டில் செய்தபோது இரண்டாம் நிமிஷமே கிண்டிவிட்டேன், எல்லாம் கரைந்து பாயசமாயிற்று. காங்கிரீட் இறுகுமுன் அசைக்கக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொன்ன எனக்கு இது தெரிய வேண்டாமா? பொறுத்திருந்தால் திரண்டு, பொடிமாஸ் போலக் கட்டி கட்டியாக நிற்கும்.

பிறகு வேகவைத்த இறைச்சியை அதன் சாற்றோடு சேர்த்து, ஊறவைத்து வெந்த மீன், கூனிப்பொடி இரண்டு ஸ்பூன், கொஞ்சம் இரு, உப்பு போட்டுப் பத்து நிமிஷம் கொதிக்க விடவும். கடைசியில் பிழிந்த பாலக்கீரை ஒரு கட்டு. ஐந்து நிமிஷத்தில் இறக்கிவிடலாம். மேலே எண்ணெய் மிதந்தால் பதம் சரி. சைவ அன்பர்கள் இறைச்சிக்கும் மீனுக்கும் பதில் காளான் போட்டுக் கூனியைத் தவிர்க்கலாம். என் மருமகள் அப்படித்தான் செய்கிறாள்.

சாப்பிடுவது எப்படி என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். அங்கே இடித்த வள்ளிக்கிழங்கு அல்லது மரவள்ளிமாவுக் களியோடு உண்பார்களாம். இங்கே அவள் ரவையில் களி கிண்டியிருந்தாள். வலது கையால் சிறு உருண்டை பிடித்து, கட்டைவிரலால் குழி செய்து, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டும். அந்த வகை உணவுக்கு அவர்கள் ஆங்கிலத்தில் வைத்திருக்கும் பெயரே 'ஸ்வாலோ'. எனக்குச் சொல்லித்தர முற்பட்டாள். தர்மபுரிக்காரனுக்கா களி விழுங்கக் கற்றுத்தர வேண்டும்? நான் விழுங்கிய வேகத்தைப் பார்த்து இருவரும் சிரித்துவிட்டார்கள்.

அப்போதுதான் பழைய ஞாபகம் ஒன்று வந்தது. 1979 முதல் 1982 வரை நம் ரைட்ஸ் நிறுவனம் நைஜீரிய ரயில்வேயின் நிர்வாகத்தை ஏற்று நடத்தியது. போய்வந்த மூத்தவர் ஒருவர், "அங்கேயும் நம்ம களிதான்யா" என்று சொன்னதை நான் காதில் போட்டுக்கொண்டதில்லை. அங்கே பழைய பாதை மூன்றரை அடி அகலம். லாகோஸ் - இபாதான் இடையே ஸ்டாண்டர்ட் கேஜ் பாதை 2021-ல் திறக்கப்பட்டது. கணவரிடம் அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன்.

கடிதத்தில் நான் கையெழுத்திடவில்லை. சமையலறையில் எக்ஸாஸ்ட் விசிறி பொருத்தி, காற்றை வெளிச்சுவர்ப் பக்கம் போகச் செய்தோம். புகார் குறைந்தது, நிற்கவில்லை. பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்ததும் வீட்டு உரிமையாளர் புதுப்பிக்க மறுத்துவிட்டார். நான் போய்ப் பேசியும் பயனில்லை. படிப்பு முடியுமுன்னே அவர்கள் வேறு வீடு தேட வேண்டியதாயிற்று. போகும்போது பாதி பாட்டில் செம்பனை எண்ணெயை என் மனைவியிடம் கொடுத்துவிட்டு, மறுபடி முழந்தாளிட்டாள். இம்முறை நான் பதறவில்லை, தலையில் கை வைத்து ஆசீர்வதித்தேன்.

அடுத்த ஞாயிறன்று நான் எகுசி செய்தேன். சரியாகத் திரண்டது. என் மனைவி, முப்பத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு, பக்கத்து அடுப்பில் நெத்திலிக் கருவாடு வறுத்தாள். விசிறி ஓடியது, ஜன்னலும் திறந்தே இருந்தது.

நம் அன்பர்களில் பலர் இன்று குடியிருப்புக் கமிட்டிகளில் இருக்கிறீர்கள். இத்தகைய கடிதம் கையெழுத்துக்கு வந்தால், ஒரு நடை மாடியேறிப் போய், அடுப்பில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு வாருங்கள்.