சளிதானே என்று இருக்கலாமா?



குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்தால் தென்காசி வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு இருமல்தான். "சளிதானே, கஷாயம் குடிச்சா சரியாப் போயிரும்" என்போம். பலருக்கு அப்படியே போய்விடும். ஆனால் கர்ப்பிணித் தாய்க்கும் கைக்குழந்தைக்கும் ஃப்ளூ காய்ச்சல் நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம்.

எந்தக் கிருமி என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்து ஆய்வுக்கூடத்தில் சோதிப்பார்கள். பயம் வேண்டாம், ஒரு நிமிஷ வேலைதான். 2020-இல் கொரோனாவுக்குத் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியில் இப்படித்தான் சோதித்தார்கள்.

ஃப்ளூ மாத்திரையை 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். முடிவு வருமுன்பே டாக்டர் கொடுத்தாலும் தயங்காமல் சாப்பிடுங்கள்.

கணவன்மார்களே! கர்ப்பிணி மனைவிக்குக் காய்ச்சலும் இருமலும் கண்டால் "நாளைக்குப் பார்ப்போம்" என்னாதீர்கள். இன்றே அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.