இழுக்காத டீசல் வண்டி

பிற மாநிலங்களில் பணியாற்றும் தமிழர் பலர் ஊருக்குச் செல்வதற்கு இப்பொழுது ரயிலை மட்டும் நம்பி இருப்பதில்லை. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய டீசல் கார் ஒன்று வீட்டு வாயிலில் நிற்கிறது. நாக்பூரில் இருக்கும் நமக்கு 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஒன்றே போதும். ஹைதராபாத், கர்நூல், பெங்களூரு, கிருஷ்ணகிரி என்று அது சேலத்திலேயே கொண்டுபோய் விட்டுவிடும். பிள்ளைகளுடனும் பெட்டிகளுடனும் ஆண்டுக்கு ஒருமுறை இந்தப் பயணம் நடைபெறுகிறது. ஆண்டுக்கு ஆண்டு வண்டிக்கும் வயது ஏறுகிறது. ஒரு நாள் அது இழுக்க மறுக்கிறது.

நமது வண்டி 2013-ஆம் ஆண்டில் வாங்கியது. சேலத்திலிருந்து திரும்பி வருகையில், தொப்பூர்க் கணவாயின் ஏற்றத்தில் அதற்கு இந்நிலை நேர்ந்தது. பின் இருக்கையில் வயது முதிர்ந்த தாயார் இருந்தார். முன்னால் ஊர்ந்துகொண்டிருந்த லாரியைக் கடப்பதற்காக வலப்பக்கம் திரும்பி, மிதியை முழுவதும் அழுத்தினோம். எஞ்சின் உறுமியதே அன்றி வேகம் கூடவில்லை. பின்னால் ஒரு பஸ் ஒலி எழுப்பிக்கொண்டு நெருங்கியது. கண்ணாடியில் பார்த்தால் நம் வண்டியின் பின்புறம் கரும்புகை. மறுபடியும் லாரியின் பின்னே ஒதுங்கிக்கொள்வதற்குள் உள்ளங்கை வியர்த்துவிட்டது. வண்டியின் வலிமைக் குறைவு வெறும் செலவுக்கணக்கு அன்று என்பதை அந்த அரை நிமிடம் நமக்கு உணர்த்தியது.

வழியில் ஓர் ஊரில் பணிமனை ஒன்றில் நிறுத்தினோம். அங்கிருந்தவர்கள் கணிப்புக் கருவியைச் செருகிப் பார்த்து, "டர்போ போய்விட்டது, புதிது போட வேண்டும்" என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை நமது ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி. எஞ்சின் எண்ணெய் குறையவில்லை, நீலப்புகை வரவில்லை என்ற இரண்டையும் உறுதி செய்துகொண்டு, ஏற்றங்களில் லாரிகளோடு லாரியாக மெல்ல ஓட்டி நாக்பூர் வந்து சேர்ந்தோம்.

இங்கு நமக்கு வழக்கமான மிஸ்திரி ஒருவர் உண்டு. தெருமுனை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது மூன்றே சொற்கள்: "தம் நஹீ ஹை." மொழிபெயர்ப்பே தொழிலாக உள்ள நமக்கு இந்தச் சொல்லின் மேல் தனிக் கவனம் செல்வது இயல்பு. இந்தியில் 'தம்' என்றால் வலிமை. அதுவே மூச்சும் ஆகும். டீசல் வண்டிக்கு இவ்விரு பொருளும் ஒன்றாகவே பொருந்துகின்றன. அதன் வலிமை குறைந்தால், முதலில் ஐயுற வேண்டியது அதன் மூச்சையே.

காரணம் கூறுவோம். ருடால்ப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியியலார் 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய எஞ்சினுக்கும், நம் வீட்டு வாயிலில் நிற்பதற்கும் அடிப்படை ஒன்றே. பெட்ரோல் எஞ்சினைப் போல் இதில் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் காற்று மட்டும் இழுக்கப்பட்டு, மிக அதிகமாக அழுத்தப்படுகிறது. அந்த அழுத்தத்தினாலேயே காற்று 500 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறுகிறது. அப்பொழுது பீச்சப்படும் டீசல் தானே தீப்பற்றுகிறது. நாம் மிதியை அழுத்தும்பொழுது கேட்பது அதிக டீசலை. அந்த டீசலுக்கு ஈடான காற்று உள்ளே இல்லையெனில், அது அரைகுறையாக எரிந்து கரியாகிறது. கரும்புகை என்பது மூச்சுத் திணறலின் அடையாளம்.

ஆகையால் நோயை அறியப் புகையின் நிறத்தைப் பார்ப்பதே முதற்படி. கரும்புகை, காற்றுக் குறைவையோ, டீசல் அளவுக்கு மீறிப் பாய்வதையோ காட்டும். நீலப்புகை எஞ்சின் எண்ணெய் எரிவதைக் காட்டும். டர்போவின் அடைப்போ, பிஸ்டன் வளையமோ தேய்ந்திருக்கலாம். வெண்புகை, குளிர்ந்த காலையில் சிறிது நேரம் வந்து மறைந்தால் கவலை இல்லை. சூடேறிய பின்னும் தொடர்ந்து, குளிர்விக்கும் நீரும் குறைந்துவந்தால் வண்டியை ஓட்டாமல் நிறுத்துவதே நலம். புகையே இல்லாமல் வலிமை மட்டும் குறைந்தால் வழக்கு வேறு. அதற்குப் பின்னர் வருவோம்.

காற்று நுழையும் வழியைத் தொடக்கத்திலிருந்து பின்பற்றிச் செல்லுதல் வேண்டும். முதலில் ஏர் பில்டர். விதர்ப்பத்தின் கோடைப் புழுதியை ஒரு பருவம் உண்ட வடிகட்டி எப்படி இருக்கும் என்பதை இங்கு வாழ்பவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெட்டியின் மூடியைக் கழற்றி, வடிகட்டியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் தெரியாவிட்டால் மாற்றிவிட வேண்டியதே. இதற்கு மிஸ்திரியே தேவையில்லை.

அடுத்தது டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் ரப்பர் ஹோஸ். பழைய வண்டிகளில் பலரை ஏமாற்றுவது இதுவே. சைலன்சர் வழியாக வீணே வெளியேற வேண்டிய சூடான வாயுவைக் கொண்டு, நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேலான வேகத்தில் சிறு சக்கரம் ஒன்றைச் சுழற்றி, காற்றை அழுத்தி உள்ளே அனுப்புவது டர்போவின் வேலை. அவ்வாறு அழுத்திய காற்று செல்லும் ஹோஸ், ஆண்டுக்கணக்கில் வெப்பத்திலும் எண்ணெய் ஆவியிலும் ஊறி மெத்தென்று ஆகிவிடுகிறது; பின்பு கிளிப் இறுக்கும் இடத்திலோ, வளைவின் அடிப்பக்கத்திலோ விரிசல் காண்கிறது. வண்டி நிற்கும்பொழுது விரிசல் உதடு மூடினாற்போல் மூடியிருக்கும். பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஏற்றத்தில் மிதியை அழுத்தி, உள்ளே அழுத்தம் ஏறும்பொழுதுதான் அது வாய் திறக்கிறது. 'உஸ்' என்று ஓர் ஓசை. காற்று வெளியே போகிறது. டீசல் மட்டும் உள்ளே போகிறது.

நின்ற இடத்தில் எஞ்சினை உறும விட்டுப் பார்த்தால் இது பெரும்பாலும் அகப்படாது. சுமை இல்லாமல் டர்போ போதிய அழுத்தம் தருவதில்லை. எஞ்சின் குளிர்ந்த பின் ஹோஸின் முழு நீளத்தையும், முக்கியமாக அடிப்பக்கத்தை, விரலால் தடவிப் பிசைந்து பார்க்க வேண்டும். எண்ணெயும் புழுதியும் சேர்ந்து கறுத்த பிசுக்கு ஓரிடத்தில் மட்டும் படிந்திருந்தால் அங்கேதான் கசிவு. நமது மிஸ்திரி குழாயின் ஒரு முனையை அடைத்து, மறு முனை வழியாகக் குறைந்த அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, மேலே சோப்பு நீரைப் பூசினார். அடிப்பக்கத்தில், கிளிப்புக்கு ஒரு விரற்கடை தள்ளி, குமிழிகள் வந்தன. டர்போவின் விலையில் இருபதில் ஒரு பங்கும் பெறாத ஹோஸ்.

கணிப்புக் கருவி பொய் சொன்னதா எனின், இல்லை. அது காட்டியது 'பி 0299' என்ற எண். அதன் பொருள், டர்போ தரும் அழுத்தம் இருக்க வேண்டிய அளவுக்குக் குறைவு என்பதே. ஏன் குறைவு என்பதை அந்த எண் கூறுவதில்லை. அகராதியில் ஒரு சொல்லுக்கு முதலில் கண்ட பொருளையே எழுதிவிடும் புது மொழிபெயர்ப்பாளரைப் போல், குறைவு என்றதும் டர்போ என்று எழுதிவிட்டார்கள். டர்போவையே ஐயுற்றாலும் சோதிக்க எளிய வழி உண்டு. எஞ்சினை நிறுத்திக் குளிரவிட்டு, ஹோஸைக் கழற்றி, உள்ளே உள்ள சக்கரத்தை விரலால் சுழற்ற வேண்டும். தடையின்றிச் சுழன்று, சுவரில் உரசாமல், முன்பின்னாக ஆடாமல் இருந்தால் அதைக் குறை கூற அவசரப்பட வேண்டாம். பக்கவாட்டில் சிறிதளவு அசைவு இயல்பே. ஹோஸின் உட்புறம் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருப்பதும் இயல்பே. எண்ணெய் தேங்கி நின்றால்தான் கவலை.

ஹோஸ் நன்றாக இருந்தும் கரும்புகை தொடர்ந்தால், அடுத்து ஈ.ஜி.ஆர். வால்வு. புகையின் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பி நச்சு வாயுவைக் குறைப்பதற்காக அமைக்கப்பட்டது. கரியும் எண்ணெயும் சேர்ந்து தார் போல் படிந்து, இது திறந்தபடியே சிக்கிக்கொண்டால், நல்ல காற்றின் இடத்தைப் புகை பிடித்துக்கொள்கிறது. கழற்றிச் சுத்தம் செய்வது வழி. அடைத்தே விடலாம் என்று ஆலோசனை கூறுபவர்களும் உண்டு. ஊர்க் காற்றைக் கெடுத்து நம் வண்டியின் மூச்சை மீட்பது முறையன்று என்பது நமது கருத்து.

புகையின்றி வலிமை குறையும் வழக்கு இனி. சமதரையில் நன்றாக ஓடுகிறது. வேகத்திலும் ஏற்றத்திலும் தளர்கிறது. சற்று நிறுத்தி எடுத்தால் சிறிது தூரம் சரியாகிறது என்றால் டீசல் பில்டரைப் பாருங்கள். அடைபட்ட பில்டர் வழியே மெல்ல ஓடத் தேவையான டீசல் கசிந்து வருகிறது, பாய்ந்து ஏறத் தேவையானது வருவதில்லை. மழைக்காலத்தில் டீசலுடன் நீர் சேர்வதும் உண்டு. பல வண்டிகளில் பில்டரின் அடியில் நீரை வெளியேற்ற ஒரு திருகு இருக்கும். கையேட்டில் குறித்த தூரத்தில் பில்டரை மாற்றினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. எஞ்சினைக் குறை கூறுமுன் கிளட்சையும் பிரேக்கையும் ஒருமுறை பார்த்துவிடலாம். எஞ்சினின் சுற்று ஏறி வண்டியின் வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. ஓட்டி நிறுத்திய பின் ஒரு சக்கரம் மட்டும் கொதித்தால் அங்கே பிரேக் பிடித்திருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. இக்கால டீசல் எஞ்சினில் இஞ்செக்டருக்குச் செல்லும் இரும்புக் குழாயில் டீசலின் அழுத்தம், வண்டி சுமையுடன் ஓடுகையில், வளிமண்டல அழுத்தத்தைப் போல் 1,000 மடங்குக்கும் மேல் இருக்கும். ஓடும் எஞ்சினில் இதைத் தளர்த்துவதோ, கசிவைக் கையால் தடவித் தேடுவதோ கூடாது. ஊசிமுனை போன்ற பீச்சல் தோலைத் துளைத்து உட்புகும். காயம் சிறிதாகத் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியதாகும். காற்றுவழி நம் கைக்கு உரியது; டீசல்வழி மிஸ்திரியின் கைக்கு உரியது.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 டீசல் கார்களில் கரித்துகளைத் தடுக்கும் வடிகட்டியும் சைலன்சர் பாதையில் உண்டு; அது அடைபட்டாலும் வண்டி இழுக்காது. நமது பழைய வண்டியில் அது இல்லை.

வடக்கே பணிமனைக்குச் செல்லும் நம்மவர் இரண்டு தொடர்களை நாவில் வைத்திருப்பது நல்லது. கரும்புகைக்கு இந்தியில் 'காலா துவா'. விலை சொல்லத் தொடங்கியதும், "பஹலே பைப் தேகியே" என்று சொல்லலாம். முதலில் குழாயைப் பாருங்கள் என்பது பொருள். மரியாதையாகவே இருக்கும்.

புது ஹோஸ் மாட்டி, கருவியில் பதிந்திருந்த எண்ணை அழித்து, நாக்பூருக்கு வெளியே நெடுஞ்சாலையில் தாயாரையும் ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பார்த்தோம். புகை இல்லை, ஓசையும் இல்லை. நூறு கிலோமீட்டர் ஓடிய பின் வந்து கிளிப்பை இன்னொரு முறை இறுக்கிச் செல்லும்படி மிஸ்திரி சொன்னார். சென்றோம், அரைச் சுற்று இறுகிற்று.