நட்டும் போல்ட்டும் நம்பிக்கையும்

கண்டி மாநகரிலே ஒரு கடை மூடப்படுவது பெருஞ்செய்தியன்று. மணிக்கூட்டுக் கோபுரத்தைச் சுற்றியுள்ள வீதிகளிலே இன்று ஒன்று மூடும். நாளை அவ்விடத்தில் கைத்தொலைபேசிக் கடையொன்று முளைக்கும். ஆயினும், பேராதனை வீதியிலிருந்து பிரியும் சந்தொன்றிலே, பழைய ஆங்கில மோட்டார் சைக்கிள்களுக்கு உதிரிப்பாகங்கள் விற்றுவந்த சிறு கடையொன்று கதவடைக்கப் போகின்றது எனக் கேள்வியுற்றபோது, நாம் ஒருநாட் காலை அங்கே சென்று பாராமலிருக்க முடியவில்லை.

கடையின் பெயரை ஈண்டு நாம் குறிப்பிடவில்லை. பத்திரிகையிற் பெயர் வருவதை அதன் முதலாளி விரும்பவில்லை. "இத்தனை காலமும் வாசலிற் பெயர்ப்பலகையே இல்லை, ஐயா. வேண்டியவர்கள் வழிகேட்டு வந்து சேர்ந்தார்கள். போகும்போது மட்டும் பெயர் எதற்கு?" என்பது அவர் கூறிய காரணம்.

கடை என்று சொல்லுகின்றோமே தவிர, அஃது ஓர் அறைதான். சுவரோரமாகத் தேயிலைப் பெட்டிகள் ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்பட்டு, அவையே இறாக்கைகளாகப் பயன்பட்டு வருகின்றன. ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் வெண்கட்டியால் எழுதிய எண்கள். உள்ளே எண்ணெய்த் தாளிற் சுற்றிய வால்வுகள், பிஸ்டன் வளையங்கள், கிளச்சுத் தட்டுகள், கேபிள்கள். பி.எஸ்.ஏ. பாண்டம் வண்டிக்குரியவை 90 என்ற எண்ணுடன் தொடங்கும். இரட்டைச் சிலிண்டர் கொண்ட கோல்டன் பிளாஷ் வண்டிக்குரியவை 67 என்ற எண்ணுடன் தொடங்கும். இவ்வெண்கள் இங்கிலாந்திலே பர்மிங்காம் நகரத்துத் தொழிற்சாலைக்காரர் இட்டவை. அவற்றை மனப்பாடமாய்ச் சொல்லும் ஒருவர் கண்டியிலே இருக்கின்றார் என்பதை அவர்கள் அறிந்திருக்க நியாயமில்லை.

முதலாளிக்கு இப்பொழுது வயது 78. சிறுவனாயிருந்த காலத்தில் தந்தையாரின் கல்லாவுக்கு அருகே ஒரு பலகையில் வந்தமர்ந்தவர், பின்னர் அந்தக் கல்லாவுக்கே உரியவரானார். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில் உத்தியோகம் பார்க்கின்றனர். வியாபாரம் நட்டப்பட்டதனால் மூடுகின்றாரோ என்று நாம் கேட்டோம். அவர் தலையை அசைத்தார்.

"கண் மங்கிவிட்டது, ஐயா. ஆணியின் மரையை விரலால் தடவிச் சொல்லிவிடுவேன். ஆனால் பொதியில் உள்ள எண்ணை வாசிக்க இயலவில்லை. பிழையான பிரேக் சாமானை எடுத்துக் கொடுத்துவிட்டால், கடுகண்ணாவை இறக்கத்திலே அந்தப் பிள்ளையின் கதி என்ன? பிழை விடுவதற்கு முன்னே கதவைச் சாத்துவதுதான் மரியாதை."

மலைப்பாதையும் மோட்டார் சைக்கிளும்

கடுகண்ணாவைக் கணவாயை அறியாத மலைநாட்டார் இலர். தேசாதிபதி பார்ன்ஸ் காலத்திலே கொழும்பு–கண்டி வீதியை அமைத்த கப்டன் டோசனின் நினைவாக எழுப்பப்பட்ட கோபுரம் இன்றும் அவ்விடத்தில் நிற்கின்றது. அவ்வீதியும், அதிலிருந்து கம்பளை, புசல்லாவை, றம்பொடை என மேலேறும் வீதிகளும், ஒரு காலத்தில் ஆங்கில மோட்டார் சைக்கிள்களின் ஓசையினால் நிறைந்திருந்தன.

தேயிலைத் தோட்டங்களிலே பெரியதுரைக்கு மோட்டார் கார். சின்னத்துரைக்கு மோட்டார் சைக்கிள் என்பது பெரும்பாலும் எழுதாத விதி. மலைச்சரிவிலே தூரத்து 'டிவிசன்' ஒன்றிலிருந்து கொழுந்து நிறுக்கும் இடத்துக்குச் சின்னத்துரை வருகின்றார் என்பதை, வண்டி கண்ணிற்படு முன்னரே அதன் ஓசையால் அறிந்துகொள்வர் கங்காணிமார். அந்த ஓசை கேட்டதும் பேச்சொலி அடங்கிக் கைகள் விரையும் என்று லயங்களிலுள்ள முதியவர்கள் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்லுவார்கள்.

அதற்கு முன்பே போர்க்காலமும் இவ்வண்டிகளை உலகெங்கும் பரப்பியிருந்தது. 1944 ஏப்ரலிலே மவுண்ட்பேட்டன் பிரபு தமது தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தை டில்லியிலிருந்து பேராதனைப் பூந்தோட்டத்துக்கு மாற்றினார். பிரித்தானியப் படைகள் சென்ற இடமெல்லாம், செய்தி கொண்டோடும் வீரர்களுக்கு மோட்டார் சைக்கிளே வாகனமாயிருந்தது. அவற்றுள் பி.எஸ்.ஏ. நிறுவனத்தின் 'எம்.20' என்ற ஒரே வகையில் மட்டும் ஏறத்தாழ 126,000 வண்டிகள் போருக்காகச் செய்யப்பட்டன. போர் முடிந்தபின் அவ்வகை வண்டிகள் பல பொதுமக்கள் கைக்கு மாறின.

பின்னர், 1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும், 1975 ஆம் ஆண்டில் கம்பெனித் தோட்டங்களை அரசு பொறுப்பேற்றதும் ஆங்கிலத் துரைமாரின் காலத்தை முடித்துவைத்தன. துரைமார் கப்பலேறினர், வண்டிகள் தங்கின. கிளாக்கரும், டிஸ்பென்சரும், பாடசாலை ஆசிரியரும் அவற்றை வாங்கினர். உதிரிப்பாகத்தின் அருமை அப்பொழுதுதான் தெரியத் தொடங்கிற்று.

தொழிற்சாலை மூடிய பின்

நிற்க. வண்டி இங்கே ஓடிக்கொண்டிருக்க, அதனைப் பெற்ற தாய்வீடு அங்கே சரிந்துகொண்டிருந்தது.

பி.எஸ்.ஏ. என்பது 1861 ஆம் ஆண்டிலே துப்பாக்கி செய்வோர் கூடித் தொடங்கிய நிறுவனம். 1910 முதல் மோட்டார் சைக்கிள் செய்தது. 1940 நவம்பர் 19 ஆம் நாள் இரவிலே ஜெர்மானியக் குண்டுகள் அதன் ஸ்மால் ஹீத் தொழிற்சாலையிலே விழுந்து 53 தொழிலாளர்களைப் பலிகொண்டன. அந்த அடியிலிருந்தும் அந்நிறுவனம் எழுந்தது. 1951 இலே டிரையம்ப் நிறுவனத்தையே விலைக்கு வாங்கும் அளவுக்கு வளர்ந்தது. ஆனால் குண்டுகள் செய்ய முடியாததை யப்பானிய வண்டிகளின் போட்டியும், சொந்த நிர்வாகத்தின் தவறுகளும் செய்தன. 1973 இலே பி.எஸ்.ஏ. தனி நிறுவனமாக இல்லாது ஒழிந்தது. டிரையம்பின் மெரிடன் தொழிற்சாலையைத் தொழிலாளர்கள் கைப்பற்றிக் கூட்டுறவாக நடத்திப் பார்த்தனர். அதுவும் 1983 இலே மூடப்பட்டது.

றோயல் என்பீல்டின் கதை வேறு. இங்கிலாந்திலே றெடிச் நகரத்துத் தொழிற்சாலை 1967 இல் மூடப்பட, 1970 அளவில் அங்கே அத்தொழில் முற்றாக நின்றது. ஆனால் 1955 இலேயே சென்னையில் அதற்கொரு கிளை உண்டாகியிருந்தது. திருவொற்றியூரிலே 'புல்லட்' தொடர்ந்து பிறந்தது. 1977 இலே சென்னை வண்டிகள் இங்கிலாந்துக்கே கப்பலேறின. தாய்வீடு அழிந்தபின் மகள் வீட்டிலிருந்து சீர் போன கதை இது. மைசூரிலே ஜாவா, யெஸ்டி வண்டிகளைச் செய்துவந்த ஐடியல் ஜாவா நிறுவனத்துக்கோ அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. அது 1996 இலே கதவடைத்தது. அதன்பின் அவ்வண்டிக்காரர்கள் பழைய கடைகளையும் பழைய இரும்புச் சந்தைகளையும் தேடியலைய நேர்ந்தது.

ஆகவே, கண்டிச் சந்திலுள்ள இக்கடை மூடப்படுவது தனிச் செய்தியன்று. பர்மிங்காமிலே தொடங்கி, கடைசியாக நம் வாசலை வந்தடைந்திருக்கும் ஒரு நீண்ட கதவடைப்பின் கடைசிக் கதவு அது.

மரையிலே இருக்கும் மர்மம்

"பஞ்சிகாவத்தையிலே கிடைக்காத உதிரிப்பாகம் உண்டா?" என்று வாசகர் கேட்கலாம். கொழும்பின் பஞ்சிகாவத்தையிலே கிடைப்பவை பெரும்பாலும் இக்காலத்து வண்டிகளுக்கானவை. பழைய ஆங்கில வண்டியின் ஆணி அவற்றுடன் சேராது. அதற்கொரு காரணம் உண்டு.

1841 ஆம் ஆண்டிலே ஜோசப் விற்வேர்த் என்ற ஆங்கிலப் பொறியியலாளர், ஆணிகளின் மரைக்கு ஒரே அளவுத் திட்டத்தை முன்வைத்தார். அவருடைய மரையின் கோணம் 55 பாகை. பிற்காலத்து மீற்றர் முறை மரையின் கோணமோ 60 பாகை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இரண்டு சுற்று ஏறும். மூன்றாம் சுற்றிலே இறுகும். பலத்தைப் பிரயோகித்தால் மரை அழியும். அழிந்த மரை எஞ்சின் உறையிலே இருந்தால், ஒரு ரூபாய் ஆணி ஓர் இலட்ச ரூபாய் எஞ்சினைக் கெடுத்துவிடும். சாவியின் கதையும் அதுவே. விற்வேர்த் சாவியிலே பொறித்திருக்கும் அளவு ஆணித் தண்டின் விட்டத்தைக் குறிக்கும். மீற்றர் சாவியிலோ அது சாவி வாயின் அகலத்தைக் குறிக்கும்.

இந்த வேற்றுமையை விரல் நுனியால் அறிந்து சொல்வதுதான் நமது முதலாளியின் வித்தை. யாரேனும் பொருந்தாத சாமானை வாங்க வந்தால், "இது உமது வண்டிக்கு ஆகாது, தம்பி" என்று பணத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்புவார். விற்பதனால் வந்த நம்பிக்கையிலும், விற்க மறுத்ததனால் அவருக்கு வந்த நம்பிக்கையே பெரிது என்று கட்டுகஸ்தோட்டையிலே கராஜ் நடத்தும் பாஸ் ஒருவர் நம்மிடம் கூறினார்.

பஞ்சமும் பின்னர் வெள்ளமும்

இக்கடை கண்ட காலங்கள் பல. 1970 களின் முற்பகுதியிலே இறக்குமதிக்குக் கடுங் கட்டுப்பாடு. இங்கிலாந்திலிருந்து ஒரு கேஸ்கட் கூட வாராத அந்நாட்களில், கண்டி லேத்துப் பட்டறைகளே தொழிற்சாலைகளாயின. பழைய பித்தளையை உருக்கிப் புஷ் கடைந்தார்கள். கனத்த கடதாசியை வெட்டிக் கேஸ்கட் செய்தார்கள். 1977 இலே பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும், ஹொண்டாவும் யமஹாவும் வெள்ளம்போல் வந்தன. பஞ்சத்திலே பாதுகாக்கப்பட்ட பழைய வண்டிகள், வெள்ளத்திலே வீட்டுக் கொல்லைக்குத் தள்ளப்பட்டன.

2020 மார்ச்சிலே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 இலே டொலர் ஒன்றின் விலை 200 ரூபாய் அளவிலிருந்து 360 ரூபாய் அளவுக்கு உயர்ந்தது. கொல்லையிற் கிடந்த வண்டிகளை அப்பொழுது பலர் மீண்டும் நினைத்தனர். தாத்தாவின் பாண்டத்தைத் துடைத்து எடுத்துக்கொண்டு பேரன்மார் இச்சந்துக்கு வந்தனர். "கடைசிக் காலத்திலே எனக்குப் புதிய வாடிக்கைக்காரர் கிடைத்தார்கள்; ஆனால் புதிய சாமான் கிடைக்கவில்லை" என்றார் முதலாளி. வெளிநாட்டிலிருந்து ஒரு சிறு பொதி வரவழைப்பதற்கே அவருடைய ஒரு மாத வருமானம் போதாதிருந்தது.

எடைக்கா, எண்ணுக்கா?

இப்பொழுது எஞ்சியிருப்பது ஒரு கேள்வி. அந்தத் தேயிலைப் பெட்டிகள் எங்கே போகும்?

பழைய இரும்பு வாங்குவோர் வந்து கிலோக் கணக்கிலே விலை கேட்டுவிட்டனர். கொழும்பிலிருந்து ஒரு கனவான் வந்து, எல்லாவற்றையும் ஒரே தொகைக்கு எடுத்துக்கொள்வதாகக் கூறினார், தொகை சிறியதன்று. முதலாளி இன்னும் சம்மதம் சொல்லவில்லை. இரும்புக்காரரிடம் போனால் எல்லாம் உருகிவிடும். ஒரே கைக்குப் போனால் பூட்டிய அறையிலே உறங்கிவிடும் என்பது அவருடைய அச்சம். அவர் கடையிலே நெடுங்காலமாக ஒரு விதி உண்டு: அரிய சாமான் எதுவானாலும் ஒருவருக்கு ஒன்றுதான். இரண்டாவது, இன்னும் வாராத ஒருவருக்கு உரியது.

நாம் சென்ற அன்று அங்கே நால்வர் கூடியிருந்தனர்: ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், முன்னே சொன்ன பாஸ், கம்பளையிலிருந்து வந்த ஓர் இளைஞர், அவருடைய நண்பர். ஆளுக்கு இயன்ற தொகையைச் சேர்த்து, பெட்டிகளைப் பிரியாமல் வாங்கி, பாஸின் கராஜிலே வைத்து, வேண்டுவோருக்கு நியாய விலையிற் கொடுப்பது என்பது அவர்கள் யோசனை. இது நடக்கக்கூடியதா என்று ஐயுறுவோருக்கு ஓர் உதாரணம் சொல்லலாம். இங்கிலாந்திலே ஏ.ஜே.எஸ்., மச்லஸ் வண்டிக்காரர் 1952 இலே அமைத்த சங்கம், அவ்வண்டிகளைச் செய்த நிறுவனம் 1966 இல் முறிந்த பின்னரும் வாழ்ந்து, உறுப்பினருக்கு உதிரிப்பாகங்களை இன்றும் வழங்கி வருகின்றது. அவ்வளவு தூரம் போவானேன்? நம் நாட்டின் முதற் கூட்டுறவுக் கடன் சங்கம் 1906 இலே தோன்றியது இதே கண்டி மாவட்டத்துத் தும்பறையிலேயன்றோ! ஏழை விவசாயிகள் செய்து காட்டியதை மோட்டார் சைக்கிள்காரர் செய்ய முடியாதா?

ஆனால் பணத்தைவிட அரியது வேறொன்று அங்கே இருந்தது. கல்லாவின் மேலே, எண்ணெய்க் கறை படிந்த கனத்த பேரேடு ஒன்று. எந்த எண்ணுக்கு எந்தச் சாமான், எது இல்லையானால் எதனைக் கடைந்து பொருத்தலாம், எதனை ஒருபோதும் பொருத்தலாகாது என்பன தந்தையின் கையெழுத்திலும் மகனின் கையெழுத்திலுமாக அதிலே இருக்கின்றன. சில இடங்களிலே முதலாளிக்கு மட்டுமே விளங்கும் சுருக்கக் குறிகள். இரும்பை யாரும் வாங்கலாம். இந்தக் குறிகளின் பொருளை அவர் வாய் திறந்து சொன்னாலொழிய எவரும் வாங்க முடியாது.

ஆசிரியர் ஒரு புதிய கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாக வாசித்துக் கேட்டார். முதலாளி கண்ணை மூடியவாறே விளக்கம் சொன்னார். இளைஞர் பெட்டியிலிருந்து அந்தச் சாமானை எடுத்து அவர் கையிலே வைத்தார். அவர் தடவிப் பார்த்து, "சரி" என்றார். பிறகு அடுத்த வரி. நாம் விடைபெற்றபோது நண்பகலாயிற்று. காலையிலிருந்து அவர்கள் முடித்திருந்தவை மூன்று பக்கங்கள். பேரேட்டிலே இருநூறு பக்கங்களுக்கு மேல் உண்டு. சந்து முனையிலே நாம் திரும்பிப் பார்த்தபோது, மாத முடிவுக்கு இன்னும் எத்தனை நாள் என்று இளைஞர் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.